வீட்ல பாஸ்தா நல்லா வரணும்னா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில போலோன்யாங்கிற ஊர்ல ரெண்டு வருஷம் படிக்கப் போயிருந்தப்போ என்கூட தங்கியிருந்த பொண்ணு பூலியாக்காரி, அதாவது இத்தாலி வரைபடத்துல பூட்ஸோட குதிகால் இருக்குல்ல அந்த இடம், அவதான் எனக்கு பாஸ்தா வேக வைக்கவே சொல்லிக் குடுத்தா. ஊருக்கு வந்ததுல இருந்து அக்கா, சித்தி, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு, மாடி வீட்டு மாமி எல்லாரும் கேக்குறது சுத்தி சுத்தி அதே இருபது சந்தேகம்தான். ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி, சரி ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ உள்ள பதிலெல்லாம் மேல சொன்னதை வச்சுத்தான் போகும்.

கடையில நாப்பது ரூபாய்க்கும் இருக்கு முன்னூறு ரூபாய்க்கும் இருக்கு, எதை வாங்குறது?

முதல்ல பாக்கெட்டை திருப்பி பின்னாடி பாருங்க. டியூரம் வீட் செமோலினா மட்டும்னு போட்டிருந்தா வாங்குங்க. மைதா, சாதா கோதுமை ரவை கலந்திருந்தா வச்சிடுங்க, அதை எவ்ளோ கவனமா வேக வச்சாலும் ஒரு நிமிஷம் தாண்டினா களி ஆயிடும். டியூரம்ங்கிறது ரொம்ப கெட்டியான கோதுமை, புரோட்டீன் அதிகம், அந்த புரோட்டீன்தான் வலை மாதிரி மாவைப் பிடிச்சு வச்சுக்கும். இத்தாலியில காய்ஞ்ச பாஸ்தாவை டியூரம்லதான் பண்ணணும்னு 1967லயே சட்டம் போட்டுட்டாங்க.

அடுத்தது அதோட மேல்தோல். கண்ணாடி மாதிரி வழவழன்னு மஞ்சளா மின்னுனா அது டெஃப்லான் அச்சுல பிழிஞ்சது. மாவு தூவின மாதிரி வெளிறி, தடவுனா சொரசொரன்னு இருந்தா வெண்கல அச்சுல பிழிஞ்சது, சாஸ் அதுலதான் நல்லா ஒட்டும், தண்ணியிலயும் மாவுச்சத்து நிறைய இறங்கும். நேப்பிள்ஸ் பக்கத்துல கிரான்யானோன்னு ஒரு ஊர், இந்த மாதிரி பாஸ்தாவுக்கே பேர் போனது, 2013ல புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. அதெல்லாம் வாங்கியே ஆகணும்னு இல்ல, நடுத்தர விலையில டியூரம் பாஸ்தா எது கிடைச்சாலும் நான் அதைத்தான் வாங்குறேன்.

ஒரு ஆளுக்கு எவ்ளோ போடணும்? எப்பவும் மிஞ்சிடுது

80 கிராம்ல இருந்து 100 கிராம், காய்ஞ்ச எடை. பாக்க ஒரு கைப்பிடிதான் இருக்கும், போதாதுன்னு இன்னொரு கை போடத் தோணும், அங்கதான் மிஞ்சுது. வெந்தா எடை ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். சின்ன தராசு இருந்தா ரெண்டு தடவை நிறுத்துப் பாருங்க, அப்புறம் கைக்கே கணக்கு வந்துடும்.

தண்ணி எவ்ளோ, உப்பு எவ்ளோ? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க

இத்தாலிக்காரங்க வாய்ப்பாடு மாதிரி சொல்றது 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. ரெண்டு பேருக்குன்னா 2 லிட்டர், 20 கிராம். பத்து கிராம்னா தூள் உப்புல ஒன்றரை டீஸ்பூனுக்கு கொஞ்சம் மேல. கல்லுப்பா இருந்தா ஸ்பூன் கணக்கு மாறும், நிறுத்துக்கோங்க. உப்பு தண்ணியிலதான் போடணும், ஏன்னா பாஸ்தா ஊறும்போதுதான் உள்ள உப்பு ஏறும், அப்புறம் சாஸ்ல எவ்ளோ போட்டாலும் வெளியதான் கரிக்கும், உள்ள சப்புன்னே இருக்கும். கடல் தண்ணி மாதிரி உப்பு இருக்கணும்னு சிலர் சொல்றாங்க, அப்படி பண்ணிடாதீங்க, கடல்ல லிட்டருக்கு 35 கிராம் உப்பு, வாயில வைக்க முடியாது.

தண்ணி அளவுல கொஞ்சம் குறைச்சா ஒண்ணும் ஆகாது. 100 கிராமுக்கு 600, 700 மில்லி வச்சுக்கூட நான் பண்றேன், அடிக்கடி கிளறணும் அவ்ளோதான், உப்பையும் அதே விகிதத்துல குறைச்சுக்கணும். தண்ணி குறைஞ்சா அதுல மாவுச்சத்து கெட்டியா இருக்கும், அது நல்லதுதான், ஏன்னு கீழ வரும்.

தண்ணியில ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா ஒட்டாதுன்னு சொல்றாங்களே?

எண்ணெய் மேல மிதக்கும், பாஸ்தா கீழ கிடக்கும், ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. வடிக்கும்போது மட்டும் அந்த எண்ணெய் மேல படிஞ்சு சாஸை ஒட்ட விடாம வழுக்கும். ஒட்டுறது எப்பன்னா முதல் ரெண்டு நிமிஷம், அப்பதான் மேல் மாவு பசை மாதிரி ஆகுது. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது போட்டு அந்த ரெண்டு நிமிஷம் அடுப்பை விட்டு நகராம கிளறுங்க. அதுக்கப்புறம் தானா பிரிஞ்சு ஓடும்.

கவர்ல போட்ட நேரம்தான் வச்சேன், ஆனாலும் கொழஞ்சு போச்சு. வெந்துடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கவர்ல 11 நிமிஷம்னு போட்டிருந்தா 9வது நிமிஷமே தண்ணியில இருந்து எடுத்துடணும். மீதி வேகுறது சாஸ்ல. நீங்க 11 நிமிஷம் தண்ணியிலயே வச்சு, வடிச்சு, அப்புறம் சாஸ்ல இன்னும் மூணு நிமிஷம் பெரட்டுனா மொத்தம் 14 ஆச்சு, குழையாம என்ன பண்ணும்.

நேரத்தை விட கண்ணை நம்புங்க. ஒண்ணு எடுத்து கத்தியால குறுக்க வெட்டிப் பாருங்க, நடுவுல ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரியும். புள்ளி பெருசா மாவா இருந்தா வேகல, சுத்தமா இல்லேன்னா தாண்டிடுச்சு, மெல்லிசா ஒரு புள்ளி இருக்கும்போது எடுத்தா சாஸ்ல போய் சரியா முடியும். அல் தெந்தேன்னு சொல்றாங்கல்ல, பல்லுக்குப் படுற மாதிரின்னு அர்த்தம். எங்க சித்தி அரைவேக்காடுன்னு நினைச்சு பயந்தாங்க. அது வேற. வெந்திருக்கும், ஆனா கடிக்கும்போது பல்லுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும். உதிரியா வடிச்ச சோத்துக்கும் குழைஞ்ச சோத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இது புதுசே இல்ல.

வடிச்சதும் பச்சத்தண்ணி ஊத்தி அலசணும்தானே? நூடுல்ஸ்க்கு அப்படித்தான் பண்றோம்

வேண்டாம். அலசுனா மேல இருக்கிற மாவுச்சத்து போயிடும், அதுதான் சாஸை பிடிக்கிற பசை. ஆறிப்போன பாஸ்தாவுல சாலட் பண்றீங்கன்னா மட்டும் அலசலாம்.

பாஸ்தா வெந்த தண்ணியை எடுத்து வைங்க எடுத்து வைங்கன்னு சொல்றீங்களே, அப்படி என்ன இருக்கு அதுல?

இந்தக் கேள்வி ஒண்ணை மட்டும் நல்லா பிடிச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும். சோறு வடிச்ச கஞ்சியை நம்ம பாட்டிமார் யாரும் கீழ ஊத்துனது கிடையாது, உப்பு போட்டு குடிப்பாங்க, இல்ல மாட்டுக்கு வைப்பாங்க, இல்ல துணிக்கு போடுவாங்க. பாஸ்தா வெந்த தண்ணியும் கஞ்சிதான். உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த கலங்கின தண்ணி. எண்ணெயும் தண்ணியும் சும்மா ஊத்துனா தனித்தனியா நிக்கும், நடுவுல இந்த கஞ்சி வந்தா ரெண்டையும் பிரிய விடாம பிடிச்சு வச்சுக்கும், சாஸ் பால் மாதிரி திரண்டு வரும்.

செய்முறை இதுதான்: சாஸ் அகலமான வாணலியில ரெடியா இருக்கணும், பாஸ்தாவை ரெண்டு நிமிஷம் முன்னாடியே அரிகரண்டியாலயோ இடுக்கியாலயோ தூக்கி, சொட்டச் சொட்ட நேரா அதுல போடணும், ஒரு குழிக்கரண்டி கஞ்சித்தண்ணி ஊத்தணும், தீயை நல்லா வச்சு வாணலியை ஆட்டி ஆட்டி பெரட்டணும். முதல்ல தண்ணியா சலசலன்னு சத்தம் கேக்கும், ஒரு நிமிஷத்துல அந்த சத்தம் மாறி கொழகொழன்னு கெட்டியா கேக்கும், அடியில சாஸ் ஓடாம பாஸ்தாவோட சேர்ந்து நகரும். அப்ப அடுப்பை அணைச்சுட்டு சீஸோ நல்ல எண்ணெயோ போட்டு இன்னொரு பெரட்டு. இதுக்கு இத்தாலியில மந்தெகாத்தூரான்னு பேர். வெள்ளை பாஸ்தாவை தட்டுல கொட்டி மேல ஒரு கரண்டி சாஸ் ஊத்துறது வேற, இது வேற, ரெண்டையும் ஒரு நாள் பக்கத்துல பக்கத்துல பண்ணி சாப்பிட்டுப் பாருங்க.

குக்கர்ல ரெண்டு விசில் விட்டா வேலை முடிஞ்சிடும்ல?

வேகும். ஆனா நடுவுல திறந்து கடிச்சுப் பாக்க முடியாது, மேல சொன்ன வெள்ளைப் புள்ளியெல்லாம் பாக்க வழியே இல்ல. அதை விட முக்கியம், பாஸ்தா தண்ணி நுரைச்சு மேல ஏறும், அந்த நுரை விசில் ஓட்டையை அடைக்க வாய்ப்பிருக்கு. அடி கனமான ஒரு பாத்திரம் போதும், திறந்தே வைங்க.

ஸ்பகெட்டி பாத்திரத்துல புடிக்கல, ரெண்டா உடைச்சுப் போடலாமா?

உடைக்க வேண்டாம், ஒரு அரை நிமிஷம் பொறுங்க, அடி முனை தண்ணியில இளகினதும் கரண்டியால மெதுவா அமுக்குனா வளைஞ்சு உள்ள போயிடும். ஸ்பகெட்டி நீளமா இருக்கிறதே ஃபோர்க்ல சுத்தத்தான், சுத்தும்போதுதான் அதோட சாஸும் சேர்ந்து வரும். சூப்புக்கு மட்டும் இத்தாலியிலயே உடைச்சுப் போடுவாங்க.

ஒரு தடவை உடைச்சுப் பாத்தீங்கன்னா கவனிச்சிருப்பீங்க, ரெண்டா உடையாது, மூணு நாலு துண்டா தெறிக்கும். ஏன்னு இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபைன்மேனே மண்டையை உடைச்சுக்கிட்டாராம். முதல் உடைப்புல வர்ற அதிர்வு அலையா ஓடி அடுத்த உடைப்பை உண்டாக்குதுன்னு 2005ல ரெண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டுனாங்க, அதுக்கு மறு வருஷம் இக் நோபல் பரிசும், அதாவது சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்கிற பரிசு, கிடைச்சுது. என் அக்கா பையனுக்கு இதை சொன்னதுல இருந்து ஸ்பகெட்டி பண்ற நாளெல்லாம் அவன் கிச்சன்லதான் இருக்கான்.

பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க வைக்கணும்னா கேஸ் என்ன ஆகுறது?

மூடி போட்டு தண்ணியை கொதிக்க வைங்க, பாஸ்தா போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு கிளறுங்க, அப்புறம் இறுக்கமான மூடி போட்டு அடுப்பை அணைச்சிடுங்க. கவர்ல போட்ட நேரத்தை விட ஒரு நிமிஷம் கூட ஆகலாம், ஆனா வெந்துடும். மாவுச்சத்து வேகவும் புரோட்டீன் இறுகவும் 80 டிகிரி இருந்தாலே தாராளம், கொதிச்சுக்கிட்டே இருக்கணும்னு அவசியம் இல்ல.

2021ல இயற்பியலுக்கு நோபல் வாங்குன ஜோர்ஜோ பாரிசி இந்த முறையை 2022ல ஃபேஸ்புக்ல பகிர்ந்தாரு, அப்ப ஐரோப்பாவுல கேஸ் விலை ஏறிக்கிடந்த நேரம், இத்தாலி சமையல்காரங்க பலரும் கொதிச்சுப் போயிட்டாங்க. நான் பென்னே, ஃபுசில்லி மாதிரி குட்டையானதுக்கு இதை செஞ்சு பாத்திருக்கேன், நல்லாவே வருது. மெல்லிசான பாத்திரம்னா சூடு சீக்கிரம் இறங்கி பிசுபிசுன்னு ஆயிடும், அதுக்கு இது சரிப்படாது.

ஊட்டிக்கு மாறினதுல இருந்து அதே பிராண்டு பாஸ்தா வேகவே மாட்டேங்குது, தண்ணி நல்லாத்தான் கொதிக்குது

கொதிக்குது, ஆனா சூடு கம்மி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, அங்க தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும். ரெண்டு மூணு நிமிஷம் கூட வைங்க, நேரம் பாக்காம வெட்டிப் பாருங்க. மேல சொன்ன அடுப்பை அணைக்கிற முறையை அங்க முயற்சி பண்ணாதீங்க, குளிருக்கு சீக்கிரம் ஆறிடும்.

தக்காளி சாஸ் பண்ணா ஒண்ணு புளிக்குது, இல்ல தக்காளி தொக்கு மாதிரி ஆயிடுது

புளிக்கிறதுக்கு காரணம் நாட்டுத் தக்காளி. நீள வாக்குல இருக்கிற சதைப்பத்தான தக்காளியா எடுங்க, நல்லா கையில அமுங்குற அளவுக்கு பழுத்திருக்கணும், ரெண்டு நாள் வெளியில வச்சு பழுக்க விட்டாலும் சரி. அரைக் கிலோ எடுத்து, ஒவ்வொண்ணோட அடியிலயும் சிலுவை மாதிரி கீறி கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து தோலை உரிச்சுக்கோங்க. மூணு பூண்டுப் பல்லை தட்டி மூணு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய்ல சிம்ல வாசம் வர்ற வரைக்கும் வச்சு, தக்காளியை கையால பிசைஞ்சு போட்டு, உப்பு போட்டு, திறந்த வாணலியில 20, 25 நிமிஷம். அவ்ளோதான். மிக்ஸியில அடிச்சா விதை அரைபட்டு லேசா கசக்கும், காத்து ஏறி நிறமும் வெளிறிடும், அதனால நான் அடிக்கிறதில்ல.

தொக்கு மாதிரி ஆகுறது ஏன்னா நாம பழக்கத்துல எண்ணெய் பிரியுற வரைக்கும் சுருட்டிடுவோம். இங்க அது வேண்டாம், கொஞ்சம் தளர்வா இருக்கும்போதே நிறுத்துங்க, பாஸ்தாவும் கஞ்சித்தண்ணியும் போய் சேரும்போது சரியா கெட்டியாகும். சீரகம், மஞ்சள், வெங்காயம் தக்காளி வதக்கல் எல்லாம் நல்ல ருசிதான், ஆனா அது போட்டா கோதுமையோட ருசி காணாம போயிடும். நல்ல பாஸ்தாவுக்கு தனியா ஒரு வாசம் இருக்கு, வெந்ததும் ஒண்ணை எடுத்து சும்மா மென்னு பாத்தா தெரியும்.

பேசில் கிடைக்கல, துளசி போடலாமா?

துளசி போட்டா கிராம்பு வாசம் தூக்கலா வரும், கஷாயம் மாதிரி ஆயிடும். ஆனா பேசில் நமக்கு அந்நியச் செடின்னு நினைக்காதீங்க, நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலை இருக்குல்ல அது பேசில் இனமேதான். ஃபலூடாவுல போடுற சப்ஜா விதை அதோட விதை. நாட்டு மருந்துக் கடையில சப்ஜா வாங்கி ஒரு தொட்டியில தூவி விட்டேன், ஒரு வாரத்துக்குள்ள முளைச்சுது. இத்தாலி பேசிலை விட இலை சின்னது, வாசம் கொஞ்சம் காரம், அதனால பாதி அளவு போதும். அடுப்பை அணைச்சப்புறம் கையால கிள்ளிப் போடுங்க, கொதிக்க விட்டா வாசம் ஓடிடும்.

ஆல்யோ எ ஓல்யோ ரொம்ப சுலபம்னு சொன்னீங்க, எனக்கு பூண்டு கசக்குது, எண்ணெய் தட்டுல தனியா நிக்குது

பூண்டும் எண்ணெயும்னு அர்த்தம், ஸ்பகெட்டியில பண்றது. பொருள் நாலே நாலுங்கிறதால தப்புக்கு ஒளிஞ்சுக்க இடம் இல்ல. பூண்டை மெல்லிசா சீவி, ஆறின எண்ணெயில போட்டு அதுக்கப்புறம் அடுப்பை பத்த வைங்க, குறைஞ்ச தீ. ரெண்டு ஆளுக்கு நாலு பல், நாலு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், கிள்ளிப்போட்ட காய்ஞ்ச மிளகாய் ஒண்ணு. பூண்டோட ஓரத்துல பொடிப்பொடியா நுரை வரும், அது வைக்கோல் நிறத்துக்கு வரும்போதே அணைச்சிடணும், ஏன்னா எண்ணெய் சூட்டுல நிறம் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும். பழுப்பு ஆயிடுச்சுன்னா கசப்புதான், அந்த எண்ணெயை காப்பாத்த முடியாது, திரும்ப ஆரம்பிங்க.

எண்ணெய் தனியா நின்னா கஞ்சித்தண்ணி போதல, இல்ல நீங்க ஆட்டல. அணைச்ச எண்ணெயில ஒரு குழிக்கரண்டி கஞ்சித்தண்ணி ஊத்தி அடுப்பை திரும்ப பத்த வச்சு வாணலியை சுழட்டுங்க, வெளிறி பால் மாதிரி வந்தப்புறம் ஸ்பகெட்டியை போடுங்க. தண்ணி ஊத்தும்போது தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

வொயிட் சாஸ் கட்டி கட்டியா வருது. பால் சூடா ஊத்தணுமா ஆறினதா?

30 கிராம் வெண்ணெயை உருக்கி 30 கிராம் மைதா போட்டு, சிம்ல ரெண்டு நிமிஷம் பச்சை வாசம் போக வறுங்க, நிறம் மாற விடாதீங்க. மாவு சூடா இருக்கும்போது ஆறின பால் அரை லிட்டரை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விஸ்க்கால அடிச்சுக்கிட்டே வாங்க. முதல் கால் டம்ளர்லதான் எல்லாமே இருக்கு, அது வழுவழன்னு கூழா ஆனப்புறம்தான் அடுத்தது. கடைசியில உப்பு, மிளகு, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. இத்தாலியில இதை லசான்யா மாதிரி அவன்ல வேகுற அயிட்டத்துக்குத்தான் போடுவாங்க. தட்டுல போட்டு அப்படியே சாப்பிடுறதுக்கு எனக்கு இது கனமா தெரியுது.

வெள்ளையா, குழந்தைகளுக்கு பிடிச்ச மாதிரி வேணும்னா வெண்ணெய், துருவின பார்மேசான் சீஸ், கஞ்சித்தண்ணி மூணு போதும். ஆல்ஃப்ரெடோன்னு உலகம் பூரா கிரீம் ஊத்தி பண்றாங்களே, ரோம்ல ஹோட்டல் வச்சிருந்த ஆல்ஃப்ரெடோ தி லேலியோ பேர் வாங்குனது இந்த மூணை வச்சுத்தான், கிரீம் அதுல கிடையாது.

நாங்க சுத்த சைவம், பார்மேசான் சீஸ் சாப்பிடலாமா?

இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். இத்தாலியில இருந்து வர்ற அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, பெக்கோரினோ ரொமானோ ரெண்டுமே பாலை திரிக்க கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட் போட்டுத்தான் செய்றாங்க. சைவம்னா அது ஆகாது. சைவ ரென்னெட்ல செஞ்ச பார்மேசான் மாதிரி கெட்டி சீஸ் நம்ம நாட்டுலயே கிடைக்குது, பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, தாலியதெல்லே மாதிரி கூடு கூடா சுருட்டி விக்கிற பாஸ்தாவுல பெரும்பாலும் முட்டை இருக்கும், அதையும் கவனிங்க. ஸ்பகெட்டி, பென்னேல வழக்கமா ரவையும் தண்ணியும் மட்டும்தான்.

சீஸ் இல்லாமயும் நல்லா பண்ணலாம். பிரெட்டை தூளாக்கி ஆலிவ் எண்ணெய்ல மொறுமொறுன்னு வறுத்து மேல தூவுறது தெற்கு இத்தாலியில சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகள்ல பண்ணது, என்கூட இருந்தவ வீட்டுல இன்னைக்கும் அதுதான் பிரியம்.

காச்சோ எ பேப்பே பண்ணேன், சீஸ் ரப்பர் உருண்டை மாதிரி திரண்டு கரண்டியில ஒட்டிக்கிச்சு

பெக்கோரினோவும் மிளகும் மட்டும் போட்டு ரோம்ல பண்றது இது, பாக்க எளிசு, பண்ண கஷ்டம். சீஸ் 65 டிகிரி சூடு தாண்டினா அதுல உள்ள புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டை ஆயிடும். தடுக்கிறது மாவுச்சத்து. இத்தாலிய இயற்பியல்காரங்க சிலர் இதையே ஆராய்ச்சி பண்ணி 2025ல கட்டுரை போட்டாங்க, சீஸ் எடையில 2ல இருந்து 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தா திரளாதுன்னு, அவங்களுக்கும் அந்த வருஷம் இக் நோபல் கிடைச்சுது.

வீட்டுல எப்படின்னா: 100 கிராம் துருவின சீஸுக்கு சுமார் ஒரு டீஸ்பூன், அதாவது 2.5 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்), அதை கால் டம்ளருக்கும் குறைவான தண்ணியில கரைச்சு அடுப்புல வச்சு கூழா காய்ச்சி, ஆற வச்சு, அப்புறம் சீஸோட சேர்த்து விழுதா அடிச்சுக்கணும். பாஸ்தாவை அடுப்புல இருந்து இறக்கி ஒரு நிமிஷம் சூடு குறைய விட்டு, அந்த விழுதையும் ஒரு கரண்டி கஞ்சித்தண்ணியும் போட்டு பெரட்டுங்க. மிளகை வெறும் வாணலியில வறுத்து உரல்ல இடிச்சுப் போடுங்க, தூள் வேண்டாம்.

கார்போனாரால முட்டை பொடிமாஸ் மாதிரி ஆயிடுது, அதுக்குத்தான் கிரீம் ஊத்துறாங்களா?

ஆமா, பயத்துல ஊத்துறது. ரோம்ல முட்டை, பெக்கோரினோ, மிளகு, பன்றிக் கன்னத்து இறைச்சியான குவான்சாலே, இவ்ளோதான். முட்டை 65, 70 டிகிரியில இறுக ஆரம்பிக்கும், அதனால அடுப்புல வச்சு முட்டையை ஊத்தவே கூடாது. பாஸ்தாவை இறக்கி வச்சு, முட்டை மஞ்சக்கரு நாலும் சீஸும் அடிச்ச கலவையில ரெண்டு ஸ்பூன் கஞ்சித்தண்ணி முன்னாடியே கலந்து, ஊத்திக்கிட்டே விடாம பெரட்டணும். கெட்டியாகலேன்னா மட்டும் பாத்திரத்தை கொதிக்கிற தண்ணி ஆவி மேல ஒரு அரை நிமிஷம் காட்டுங்க.

எந்த ஷேப்புக்கு எந்த சாஸ்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கு. எண்ணெய், வெண்ணெய் மாதிரி மெல்லிசான சாஸுக்கு நீளமானது. காய், கறித்துண்டு மாதிரி கட்டியா இருந்தா ஓட்டை உள்ளது, வரி போட்டது, உள்ள போய் உக்காந்துக்கும். கொத்துக்கறி சாஸுக்கு ஸ்பகெட்டி போடுறோம்ல, போலோன்யால அதை யாரும் பண்ணி நான் பாக்கல, அங்க அகலமான தாலியதெல்லேதான், ஏன்னா ஸ்பகெட்டியில கறி நிக்காம தட்டுக்கு அடியில தங்கிடும். அந்த அகலத்தைக்கூட விட்டுவைக்கல, வெந்தப்புறம் 8 மில்லிமீட்டர் இருக்கணும்னு 1972ல ஊர் வர்த்தக சபையில பதிவே பண்ணி வச்சிருக்காங்க, ஊர் நடுவுல நிக்கிற அசினெல்லி கோபுரத்தோட உயரத்துல 12,270ல ஒரு பங்காம்.

மாவு பிசைஞ்சு வீட்லயே பண்ணலாமா? மெஷின் இல்ல

பண்ணலாம். முட்டை பாஸ்தாவுக்கு 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, பத்து நிமிஷம் பிசைஞ்சு மூடி வச்சு அரை மணி நேரம் ஊற விட்டு, சப்பாத்தியை விட மெல்லிசா தேய்ச்சு வெட்டணும். ரெண்டே நிமிஷத்துல வெந்துடும். இது காய்ஞ்ச பாஸ்தாவை விட உசத்தின்னு நினைக்காதீங்க, ரெண்டும் வேற வேற சாப்பாடு, ஆல்யோ எ ஓல்யோவுக்கு காய்ஞ்சதுதான் சரி.

முட்டை வேண்டாம்னா ஒரெக்கியெத்தே பண்ணுங்க, குட்டிக் காதுன்னு அர்த்தம். பூலியாவுல பாரி ஊரோட பழைய பகுதியில ஒரு சந்து, வீட்டு வாசல்ல மேஜை போட்டு பாட்டிமார் உக்காந்து நாள் பூரா இதைத்தான் செய்றாங்க. டியூரம் ரவை மாவும் வெதுவெதுப்பான தண்ணியும், ரெண்டுக்கு ஒண்ணு எடையில. விரல் தடிமனுக்கு கயிறா உருட்டி, நகம் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மொண்ணைக் கத்தியால தன் பக்கமா இழுத்தா சுருளும், அதை கட்டைவிரல் மேல கவுத்து வெளிய புரட்டினா குழி விழுந்த காது. சோழி மாதிரி இருக்கும். முதல் அம்பது ஒழுங்கா வராது, அப்புறம் கை பழகிடும். உள்ள சொரசொரப்பு இருக்கிற பக்கம் வெளிய வரணும், அதுலதான் சாஸ் பிடிக்கும்.

மார்க்கோ போலோதானே சீனாவுல இருந்து பாஸ்தா கொண்டு வந்தாரு?

இல்ல. அவர் ஊர் திரும்பினது 1295ல. அதுக்கு முன்னாடியே, 1154ல, சிசிலி ராஜா அவையில இருந்த அரபு புவியியலாளர் அல் இத்ரிஸி பலெர்மோ பக்கத்துல திராபியாங்கிற ஊர்ல இத்ரியான்னு காய்ஞ்ச மாவுப்பண்டம் செஞ்சு கப்பல் கப்பலா அனுப்புறாங்கன்னு எழுதி வச்சிருக்காரு.

அப்பாவுக்கு சுகர் இருக்கு, குடுக்கலாமா?

100 கிராம் காய்ஞ்ச பாஸ்தாவுல 70 கிராமுக்கு மேல மாவுச்சத்து இருக்கு, அதை மறந்துடாதீங்க. பல்லுக்குப் படுற மாதிரி வேக வச்சா வெள்ளை பிரெட்டை விட மெதுவா சர்க்கரை ஏறும், குழைய வச்சா வேகமா ஏறும். எங்க வீட்டுல அப்பாவுக்கு 50 கிராம், கூட ரெண்டு பங்கு காயும் கொண்டைக்கடலையும். உங்க அப்பாவுக்கு எவ்ளோங்கிறதை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மிஞ்சிப்போனதை சூடு பண்ணா கெட்டியா கல்லாட்டம் ஆகுது

ஃப்ரிட்ஜ்ல மாவுச்சத்து இறுகிடும். வாணலியில கால் டம்ளர் தண்ணி ஊத்தி அது கொதிக்கும்போது பாஸ்தாவை போட்டு பெரட்டுங்க, இளகிடும். ஸ்பகெட்டி மிஞ்சினா நேப்பிள்ஸ்ல மூணு முட்டை, சீஸ் கலந்து அடை மாதிரி வட்டமா ஊத்தி ரெண்டு பக்கமும் சிவக்க சுட்டு துண்டு போடுவாங்க, பிரயாணத்துக்கு கட்டிக்கிட்டு போறது அது. குழந்தைங்க டிபன் பாக்ஸுக்கு குழம்பு மாதிரி பாஸ்தா அனுப்புறதுக்கு இது எவ்வளவோ மேல், மத்தியானம் ஆறிப்போனாலும் நல்லா இருக்கும்.

பதினஞ்சு பேர் வர்றாங்க, எல்லாருக்கும் சூடா எப்படி குடுக்குறது?

பதினஞ்சு பேருக்கு ஒண்ணரை கிலோ, வீட்டு அடுப்புல ஒரே தடவையில வேகாது, வெந்தாலும் கடைசி ஆளுக்கு போறதுக்குள்ள முதல்ல வெந்தது குழைஞ்சிடும். அதனால ஸ்பகெட்டியை விடுங்க, ரிகாத்தோனி மாதிரி தடிச்சதா எடுங்க. கவர்ல போட்ட நேரத்துல பாதி மட்டும் வேக வச்சு எடுத்து, தக்காளி சாஸும் வொயிட் சாஸும் வழக்கத்தை விட தண்ணியா கலந்து ட்ரேல கொட்டி, மேல சீஸ் போட்டு மூடி வச்சிடுங்க, இதெல்லாம் காலையிலயே முடிச்சிடலாம். வந்தவங்க உக்காந்தப்புறம் அவன்ல 200 டிகிரியில 25 நிமிஷம், மேல அங்கங்க கருகி மொறுமொறுன்னு வர்ற வரைக்கும். வெளிய எடுத்து பத்து நிமிஷம் ஆற விட்டு வெட்டுங்க, உடனே வெட்டுனா சாஸ் ஓடிடும். அந்த ஓரத்து மொறுமொறு துண்டுக்கு சண்டை வரும், நாலு ஓரமும் யாருக்குன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.